தொப்பூர் இறங்குனா இடது பின் சக்கரம் சுடுது, ஒரு பின் கேலிப்பர் கேஸ் முழுசா

போன புரட்டாசி கடைசியில ஒரு வெள்ளிக்கிழமை காலைல காரிமங்கலத்துல இருந்து ஒரு அண்ணா தர்மபுரியில இருக்கற நம்ம ஷெட்டுக்கு காரை எடுத்துட்டு வந்தாரு. 2010 மாடல் பெட்ரோல் செடான், நாலு வீல்லயும் டிஸ்க். சந்தூர் பக்கம் மாந்தோப்பு குத்தகைக்கு எடுக்கறவரு, சீசன் முடிஞ்சா வண்டி பாதி நாள் வீட்டு வாசல்ல புளியமரத்தடியிலதான் நிக்கும். இப்ப அவங்க அம்மாவை வாரம் ஒருக்கா சேலம் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போக வேண்டியிருக்கு, அதனால வாராவாரம் தொப்பூர் மலை இறக்கத்துல இறங்குறாரு.

“தம்பி, தொப்பூர் இறங்கி முடிக்கறப்ப ஏதோ பொசுங்குற வாசம் வருது. அம்மாதான் முதல்ல சொன்னாங்க, நான் முன்னாடி போற லாரி பிரேக் வாசம்னு நெனச்சிட்டேன்”னாரு.

அவரு நெனச்சதுல தப்பே இல்ல. என்ஹெச் 44ல கட்டமேடு தாண்டி இரட்டைப் பாலம் பக்கம் இறங்கறப்ப எந்த நேரம் போனாலும் கண்டெய்னர் லாரிங்க பிரேக் சூடாகி அந்த வாசம் அடிச்சுக்கிட்டேதான் இருக்கும். ஆனா தீவட்டிப்பட்டியில டீ குடிக்க நிறுத்துனப்பவும் அதே வாசம் கார்ல இருந்தே வந்திருக்கு, அம்மா உக்காந்திருந்த பக்கம், பின்னாடி இடது பக்கம். அதுக்கப்புறம்தான் அவருக்கு பயம் வந்திருக்கு.

வண்டியை உள்ள விடறதுக்கு முன்னாடி நான் கேக்கறது மூணு கேள்வி, மைலேஜ் கொறஞ்சுதா, ஹேண்ட் பிரேக் எத்தனை க்ளிக்ல பிடிக்குது, கடைசியா பிரேக்ல யாரு எப்ப கை வச்சாங்க. மைலேஜ் லிட்டருக்கு ரெண்டு கொறஞ்ச மாதிரி இருக்குன்னாரு. ஜூன் மாசம் வேற ஊர்ல ஒரு கடையில பின் பேட் மாத்துனாராம். “மாத்துன உடனே ஹேண்ட் பிரேக் ரொம்ப மேல வந்துச்சு தம்பி, திரும்பப் போனேன், உடனே டைட் பண்ணிக் குடுத்தாங்க, இப்ப ரெண்டே க்ளிக்ல நச்சுன்னு நிக்குது”ன்னு சந்தோஷமா சொன்னாரு. எனக்கு பாதி விஷயம் அங்கேயே புரிஞ்சுபோச்சு, அந்த ரெண்டு க்ளிக்தான் இந்த கேஸோட மூலம், ஏன்னு கீழ சொல்றேன்.

காரிமங்கலத்துல இருந்து ஹைவேயில வந்த சூட்டோடயே இன்ஃப்ராரெட் கன் வச்சுப் பாத்தேன். வலது பின் டிஸ்க் 52 டிகிரி, இடது பின் டிஸ்க் 140 டிகிரி. இந்த கன் பளபளன்னு இருக்கற டிஸ்க் மேல அடிச்சா கம்மியாத்தான் காட்டும், அதனால அந்த நம்பரை அப்படியே நம்பக் கூடாது, ரெண்டு பக்கமும் ஒரே இடத்துல ஒரே தூரத்துல அடிச்சு வித்தியாசத்தைப் பாக்கணும். இங்க வித்தியாசம் கிட்டத்தட்ட தொண்ணூறு டிகிரி, அதுவும் தொப்பூர் இறங்காம, நேர் ரோட்டுல வந்தப்பவே.

முன் சக்கரத்துக்கு கட்டை வச்சு, ஃபர்ஸ்ட் கியர் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, பின்னாடி தூக்கி ஸ்டாண்டு மேல உக்கார வச்சோம். வெறும் ஜாக்கை நம்பி எங்க ஷெட்டுல யாரும் கையை உள்ள விடறதில்ல. வலது வீலை சுத்துனா லேசா உரசிக்கிட்டு மூணு சுத்து ஓடுது. இடது வீல் கையால தள்ளுனா கால் சுத்து, அவ்வளவுதான்.

இங்கதான் நெறைய பேரு நேரா கேலிப்பரை, அதாவது பேட்டை டிஸ்க் மேல அழுத்தற பிடியை, கழட்டிருவாங்க. கழட்டிட்டா எது பிடிச்சுக்கிட்டு இருந்துச்சுன்ற தடயமே போயிரும், அதனால கழட்டறதுக்கு முன்னாடி வரிசையா பிரிச்சுப் பாக்கணும். முதல்ல கேலிப்பர்ல காத்தையும் ஆயிலையும் வெளிய விடற ப்ளீடர் நிப்பிளை லேசா லூஸ் பண்ணேன். உள்ள பிரஷர் மாட்டிக்கிட்டு இருந்தா, அதாவது ஹோஸ் உள்பக்கம் வீங்கி அடைச்சிருந்தா இல்ல மேல மாஸ்டர் சிலிண்டர் திரும்பி விடாம இருந்தா, நிப்பிள் திறந்த உடனே ஆயில் சீறும், வீல் ஃப்ரீ ஆயிரும். இங்க சொட்டு சொட்டாத்தான் வந்துச்சு, வீல்ல ஒரு மாத்தமும் இல்ல. அப்ப ஹைட்ராலிக் பக்கம் குத்தம் இல்ல. அடுத்து கேலிப்பர்ல இருக்கற ஹேண்ட் பிரேக் லீவர்ல இருந்து கேபிளைக் கழட்டினேன். கழட்டுன உடனே லீவர் டக்குனு நாலு மில்லிமீட்டர் பின்னாடி போயி அதோட ஸ்டாப்புல, அதாவது திரும்பி வந்து முட்டி நிக்கற இடத்துல, உக்காந்துச்சு. அதாவது ஹேண்ட் பிரேக் இறக்கியிருந்தாலும் கேபிள் அந்த லீவரை நாலு மில்லிமீட்டர் இழுத்துப் பிடிச்சுக்கிட்டேதான் இருந்திருக்கு. இப்ப வீலை சுத்துனா முக்கால் சுத்து வருது. முன்னைக்கு பரவால்ல, ஆனா இன்னும் ஃப்ரீ இல்ல. அப்ப ரெண்டாவது குத்தம் ஒண்ணும் உள்ள இருக்கு.

இந்த மாதிரி கேலிப்பர் எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் சொல்லிடறேன், இது தெரியலன்னா மீதி புரியாது. முன் கேலிப்பர்ல பிஸ்டன் வெறும் கப்பு மாதிரி, ஆயில் தள்ளுனா வெளிய வரும், கிளாம்ப் வச்சு அழுத்துனா உள்ள போகும். பின்னாடி ஹேண்ட் பிரேக்கும் அதே கேலிப்பர்லயே இருந்தா பிஸ்டனுக்கு உள்ள ஸ்க்ரூ மாதிரி ஒரு மறை இருக்கும், அதுல ஒரு அட்ஜஸ்டரும் இருக்கும். பேட் தேயத் தேய அந்த அட்ஜஸ்டர் மறையில கொஞ்சம் கொஞ்சமா வெளிய ஏறி இடைவெளியை மூடும். இது நடக்கணும்னா ரெண்டு கண்டிஷன். ஒண்ணு, பிரேக்கை விட்டா லீவர் முழுசா ஸ்டாப்புல வந்து உக்காரணும். இன்னொண்ணு, பிஸ்டன் தானா சுத்தக் கூடாது, அதுக்குத்தான் பிஸ்டன் மூஞ்சில பிளஸ் மாதிரி பள்ளம் வெட்டியிருக்கும், உள் பேட் முதுகுல ஒரு சின்ன முளை இருக்கும், அந்த முளை பள்ளத்துல உக்காந்து பிஸ்டனைப் பிடிச்சுக்கும்.

இந்த வண்டியில ரெண்டு கண்டிஷனும் ஒடஞ்சிருந்துச்சு.

கேலிப்பர் இப்படி அப்படி நகர்றதுக்கு மேலயும் கீழயும் ரெண்டு ஸ்லைடு பின் (pin) இருக்கும். இதுல மேல் பின் விரல்லயே ஓடுது. கீழ் பின் அசையவே இல்ல. போல்ட்டைக் கழட்டிட்டு மேல் பின்னை அச்சா வச்சு கேலிப்பரைத் தூக்கிப் பாத்தோம், ஹோஸ்ல தொங்க விடாம கம்பி போட்டு ஸ்பிரிங்ல கட்டி வச்சோம், தொங்க விட்டா ஹோஸ் உள்பக்கம் கிழியும், வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. பேட் ரெண்டையும் எடுத்து பெஞ்சு மேல பக்கத்துல பக்கத்துல வச்சேன். வெளி பேட் 7 மி.மீ இருக்கு. உள் பேட் ஒரு முனையில 3 மி.மீ, இன்னொரு முனையில 1.5 மி.மீ. நாலு மாசப் பேட்டு, அதுல ஆறு வாரம் வண்டி ஓடவே இல்ல.

பழைய பேட்டை தூக்கிப் போட்டுறாதீங்கன்னு எங்க பையன்கிட்ட நான் எப்பவும் சொல்றது இதுக்குத்தான். உள் பேட் மட்டும் தேஞ்சிருந்தா ஸ்லைடு பின் ஜாம், ஏன்னா பிஸ்டன் உள்பக்கத்தை மட்டும் தள்ளுது, கேலிப்பர் நகர்ந்து வெளி பேட்டை இழுத்து அழுத்த வேண்டியது நடக்கல. சரிவா தேஞ்சிருந்தா பேட் நேரா உக்காரல. இந்த உள் பேட்டைத் திருப்பிப் பாத்தா முளை பாதி நசுங்கி ஒரு பக்கம் சாஞ்சிருக்கு. பிஸ்டன் மூஞ்சியைப் பாத்தா, பள்ளத்துக்கு விரல் அகலம் தள்ளி, மேடான இடத்துல அந்த முளை குத்துன தழும்பு பளிச்சுன்னு இருக்கு. பேட் மாத்துனப்ப முளை பள்ளத்துல உக்காந்துச்சான்னு பாக்காமலே போல்ட்டை இறுக்கியிருக்காங்க. பிஸ்டன் விளிம்புல ரெண்டு இடத்துல கிளாம்ப் கடிச்ச காயமும் இருந்துச்சு. அதாவது சுத்தி உள்ள விட வேண்டிய பிஸ்டனை அழுத்தி உள்ள தள்ளப் பாத்திருக்காங்க.

இப்ப முழுக் கதையும் கோர்வையா வந்துருச்சு. முளை பள்ளத்துல உக்காரல, அதனால பிஸ்டனைப் பிடிச்சுக்க ஆள் இல்ல, அட்ஜஸ்டர் ஏறல. அட்ஜஸ்டர் ஏறாததால ஹேண்ட் பிரேக் மேல வரைக்கும் வந்துச்சு. அதை சரி பண்றோம்னு உள்ள கன்சோலுக்கு அடியில இருக்கற கேபிள் நட்டை இறுக்கியிருக்காங்க. இறுக்கினதால லீவர் ஸ்டாப்புக்கு போகவே இல்ல, லீவர் ஸ்டாப்புக்கு போகலன்னா அட்ஜஸ்டர் வேலை செய்யவே செய்யாது, கூடவே பேட் எப்பவும் டிஸ்க்கை உரசிக்கிட்டே இருக்கும். உரசி சூடாகி, அந்த சூட்டுல கீழ் பின்னை மூடியிருக்கற ரப்பர் பூட் காஞ்சு வெடிச்சு, மழைத் தண்ணி உள்ள இறங்கி, ஆகஸ்ட் செப்டம்பர்ல வண்டி மரத்தடியில ஹேண்ட் பிரேக் போட்டபடியே நின்னப்ப அந்தக் கீழ் ஸ்லைடு பின் துரு பிடிச்சு ஒட்டிக்கிச்சு. அண்ணாவுக்கு சந்தோஷம் குடுத்த அந்த ரெண்டு க்ளிக், நாலு மாசமா பின்னாடி ஒரு பக்கம் பிரேக் போட்டுக்கிட்டே ஓட்டுனதுக்கு அடையாளம். வலது பக்கம் முளை சரியா உக்காந்திருந்ததால தப்பிச்சிருக்கு.

ஹேண்ட் பிரேக் அதிகமா மேல வருதுன்னு யாராவது கேபிளை இறுக்கறேன்னு சொன்னா, முதல்ல ரெண்டு கேலிப்பர் லீவரும் ஸ்டாப்புல உக்காந்திருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. கேபிள்ன்றது கடைசியா தொட வேண்டிய இடம். நானும் இந்த வேலைக்கு வந்த புதுசுல இதே மாதிரி ஒரு வண்டிக்கு கேபிளை இறுக்கி அனுப்பியிருக்கேன், ஒரு வாரத்துல டிஸ்க் நீலம் பாஞ்சு திரும்பி வந்துச்சு, அன்னைக்கு எங்க பெரிய மேஸ்திரி அந்த வீல் முன்னாடி என்னை உக்கார வச்சு லீவரையும் ஸ்டாப்பையும் தொட்டுக் காட்டுனாரு, அது மறக்கல.

சரி, வேலைக்கு வரேன். கீழ் பின்னை எடுக்கறதுக்குத்தான் அரை நாள் போச்சு. பிராக்கெட்டையே கழட்டி வைஸ்ல கட்டி, துரு விடற ஆயில் ஊத்தி ஒரு மணி நேரம் ஊற விட்டு, ஸ்பேனர் போட்டு அப்படியும் இப்படியும் கொஞ்சம் கொஞ்சமா ஆட்டி ஆட்டி எடுத்தோம். சுத்தியல்ல அடிச்சா பின் தலை ஒடியும். வெளிய வந்த பின்ல தார் மாதிரி கறுப்பா ஒட்டியிருக்கு, மோந்து பாத்தா வீல் பேரிங்குக்கு போடற சாதா கிரீஸ். பின் முனையில இருக்கற ரப்பர் புஷ் ஊறி உப்பி ஓட்டையை அடைச்சிருக்கு. பெட்ரோலியம் கிரீஸ் இந்த ரப்பருக்கு ஆகவே ஆகாது, ஊதிரும். பின்னுக்கு போட வேண்டியது சிலிக்கான் கிரீஸ், சூடு தாங்கற ரகம், அதுவும் மெல்லிசா. ஓட்டை நிறைய அடைச்சா காத்து வெளிய போக வழியில்லாம பின் திரும்பத் தள்ளும். ரெண்டுல எந்த பின்ல புஷ் இருக்கு, அது மேலயா கீழயான்றதை கழட்டறப்பவே போட்டோ எடுத்து வச்சுக்கணும், மாத்திப் போட்டா திரும்ப ஜாம்தான்.

அடுத்து பிஸ்டன். இதுக்குன்னு இருக்கற டூலை வச்சு சுத்தி வெளிய எடுத்தோம். விளிம்புல இருந்து கொஞ்ச தூரம் உள்ள வரைக்கும் குரோம் மேல பொடிப்பொடியா துரு குழி. “அண்ணா, சீல் ஓடற இடம் சுத்தமாத்தானே இருக்கு, எமரி போட்டு சீல் கிட் மாத்திடலாமா”ன்னு பையன் கேட்டான். நல்ல கேள்விதான். ஆனா இப்ப துரு இருக்கறது, பேட் தேஞ்சு பிஸ்டன் வெளிய நீட்டிக்கிட்டு இருந்த பாகம். புதுப் பேட் போட்டா பிஸ்டன் உள்ள போகணும், அந்தத் துரு பிடிச்ச பாகம் நேரா சீலுக்கு அடியில போயி உக்காரும். அந்த சதுர சீல்தான் ஆயிலையும் அடைக்குது, பிரேக் விட்டதும் முறுக்கு தளர்ந்து பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னாடி இழுக்கறதும் அதுதான். குழி விழுந்த பரப்புல அது வழுக்காது, இழுக்காது, சீக்கிரமே கசியும். பேட் மாத்துன கொஞ்ச நாள்ல கேலிப்பர் ஜாம் ஆச்சு, லீக் ஆச்சுன்னு வர்ற வண்டியில பாதி இந்தக் காரணம்தான். எமரி போட்டா குரோம் போகும், துரு இன்னும் வேகமா வரும். மேல கிளாம்ப் போட்டு அழுத்துன பிஸ்டன் வேற, உள்ள அட்ஜஸ்டருக்கு என்ன ஆகியிருக்கும்னு உறுதி சொல்ல முடியாது. தொப்பூர் இறங்கற வண்டி, பின் சீட்ல அம்மா. அண்ணாகிட்ட பிஸ்டனைக் கையில குடுத்து அந்தக் குழியை நகத்தால தடவிப் பாக்கச் சொன்னேன், அவரே “புதுசே போடு தம்பி”ன்னுட்டாரு. தர்மபுரியில கிடைக்கல, பெங்களூரு ஜே.சி. ரோட்டுல தெரிஞ்ச கடைக்கு போன் போட்டு, இடது கேலிப்பர் அசெம்பிளியும் பின் கிட்டும் டிஸ்க் ஜோடியும் பஸ்ல போட்டு விடச் சொன்னோம், மறுநாள் காலைல வந்துச்சு.

டிஸ்க் ஏன் மாத்துனோம்னா, அது மேலயே குறைஞ்சபட்சம் 8 மி.மீன்னு பொறிச்சிருக்கு, வெர்னியர்ல இடது 8.4, வலது 8.7. இடதுல நீலத் திட்டும் மெல்லிசா சூட்டு வெடிப்பும் இருந்துச்சு. லேத்ல பிடிச்சு சீவுனா லிமிட்டைத் தொட்டுரும். ஒரு பக்கம் மட்டும் மாத்தறது சரியில்ல, ஜோடியா மாத்தியாச்சு. பிராக்கெட்ல பேட் உக்கார்ற கிளிப்புக்கு அடியில துருவை வயர் பிரஷ் போட்டு வெள்ளையா வர்ற வரைக்கும் தேச்சோம், அங்க துரு ஏறுனா கிளிப் உப்பி பேட்டைக் கடிச்சிரும். பிரேக் தூசியை மட்டும் கம்ப்ரஸர் காத்து வச்சு ஊதாதீங்க, ஈரத்துணி இல்லன்னா பிரேக் கிளீனர், அந்தத் தூசி நெஞ்சுக்குப் போகக் கூடாது. ரப்பர் பாகங்க கிட்ட பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் வரவே கூடாது.

வலது பக்கமும் கழட்டினோம். கீழ் பின் காஞ்சுபோயிருந்துச்சு ஆனா துரு இல்ல, துடைச்சு புது கிரீஸ், புது பூட். பிஸ்டன் சுத்தம். டூல்ல கடிகாரம் சுத்தற பக்கமா மெதுவா சுத்துனா வழுவழுன்னு உள்ள போகுது, கூடவே அழுத்தமும் குடுக்கணும், பூட் முறுக்கிக்காம விரலால பாத்துக்கிட்டே சுத்தணும். சில வண்டியில ஒரு பக்கம் எதிர்த் திசையில சுத்தும், முரண்டு பிடிச்சா நிறுத்திட்டு மேனுவலைப் பாருங்க. ஸ்விட்ச்ல போடற எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் இருக்கற வண்டின்னா ஸ்கேனர் போட்டு சர்வீஸ் மோடுக்கு கொண்டு போகாம பிஸ்டனைத் தொடவே கூடாது. கடைசியா பிளஸ் பள்ளத்தை முளைக்கு நேரா நிறுத்தி, டார்ச் அடிச்சுப் பாத்து, பையனையும் பாக்க வச்சு, அப்புறம்தான் போல்ட்.

பிரேக் ஆயில் டீ டிகாஷன் மாதிரி இருந்துச்சு. இந்த ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். டாட் 4ன்ற ரக பிரேக் ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, 3.7 சதவீதம் தண்ணி சேந்துட்டா அந்த அளவு 155க்கு இறங்கிரும், டாட் 3ன்னா 205ல இருந்து 140. நேர் ரோட்டுலயே 140 டிகிரி காட்டுன டிஸ்க் பக்கத்துல இந்த பழைய ஆயில், அதோட தொப்பூர் முழுக்க பிரேக்ல காலை வச்சே இறங்குனா, ஆயில் கொதிச்சு ஆவியாகி பெடல் தரையைத் தொடற நெலமைக்கு எவ்வளவு பக்கத்துல இருந்திருக்காங்கன்னு நெனச்சுப் பாத்தா இப்பவும் மனசு பதறுது. அண்ணாகிட்ட கையைப் பிடிச்சுக்கிட்டே சொன்னேன், பாளையம் டோல்கேட் தாண்டுன உடனே மூணாவது கியருக்கு வந்துருங்க, நியூட்ரல்ல மட்டும் உருட்டாதீங்கன்னு. நாலு வீலுக்கும் ஏர் எடுத்து, சீல் பிரிக்காத டின்ல இருந்து புது டாட் 4 ஊத்தினோம். புது கேலிப்பர்ல நிப்பிள் மேல் பக்கம் இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்குங்க, இடது வலது மாத்தி அனுப்பிட்டா நிப்பிள் கீழ வரும், எவ்வளவு பம்ப் அடிச்சாலும் காத்து போகாது.

கேபிள் நட்டை முழுசா லூஸ் பண்ணி வச்சுட்டு, வண்டியை ஸ்டார்ட் பண்ணி கால் பிரேக்கை ஒரு இருபது தடவை மிதிச்சு, ஹேண்ட் பிரேக்கை ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கி, அட்ஜஸ்டர் தானா இடம் பிடிக்க விட்டோம். கீழ படுத்து ரெண்டு லீவரும் ஸ்டாப்பைத் தொடுதான்னு பாத்து, அதுக்கப்புறம் கேபிள் தொய்வை மட்டும் எடுக்கற அளவுக்கு நட்டு. ஏழாவது க்ளிக்ல நல்லா பிடிச்சுது, இந்த வண்டிக்கு அது சரி. வீல் நட்டு டார்க் ரெஞ்ச் வச்சுத்தான்.

பென்னாகரம் ரோட்டுல கூட்டம் இல்லாத நேரமா போயி, 60ல இருந்து 10 வரைக்கும் மெதுவா அழுத்தி, முழுசா நிறுத்தாம, பத்து தடவை, நடுவுல ஆற விட்டு பேட் பிடிக்க வச்சோம். அடுத்த நாள் அண்ணா, நான், கன் மூணும் தொப்பூர் இறங்கினோம். தீவட்டிப்பட்டியில நிறுத்தி அடிச்சுப் பாத்தா பின் இடது 96, பின் வலது 91. அண்ணா குனிஞ்சு வீல் பக்கத்துல மோந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம அம்மாவுக்கு போன் போட்டாரு.

தை மாசம் செக்கப்புக்கு வந்தாரு. இடது உள் பேட்டும் வெளி பேட்டும் அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்ல, பின் ரெண்டும் விரல்ல ஓடுது, மைலேஜும் பழையபடி வந்துருச்சாம். ஒண்ணு மட்டும் பாக்கி இருக்கு, வலது பக்க ஹேண்ட் பிரேக் கேபிள் உள் கம்பி கொஞ்சம் சொரசொரப்பா நகருது, லீவர் ஸ்டாப்புக்கு போகுது ஆனா சோம்பலா போகுது. அதை சித்திரைக்குள்ள மாத்தணும்னு கண்ணாடியில ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியிருக்கேன், மாங்கா சீசன் ஆரம்பிச்சா அப்புறம் அண்ணாவைப் பிடிக்க முடியாது.